தச்சர்களுக்கும் சாப்பாடு

சியேனி: காரு எங்கடா?

அபேராமோ: வரும்.

சியேனி: எவ்வளவு நேரமா இந்த 'வரும்'?

அபேராமோ: டிரைவரு டீசல் போடப் போயிருக்கான்க்கா.

சியேனி: காலையில துறைமுகத்துல இருந்து என்னைக் கூட்டிட்டு வர்றப்பவே போட்டானே!

அபேராமோ: அது... வர்றதுக்கு. இது போறதுக்கு.

லோசி: அண்ணி, உங்க தம்பி பேச்சைக் கேட்டு நின்னீங்கன்னா கால் வலிதான் மிச்சம். எனக்குக் கல்யாணமான நாள்ல இருந்து தெரியும். உக்காருங்க, கொக்கோ ஆறுது.

சியேனி: சாயங்காலக் கப்பலைப் பிடிக்கணும் லோசி. விட்டா அக்கரைத் தீவுல, ஆப்பியாவுல ராத்திரி விமானம் போயிரும்.

அபேராமோ: போனா போகட்டுமே. ஆக்லாந்துல இருந்து கடல் தாண்டி வந்து, பாதி நாள் கூட இருக்க மாட்டேங்கற. புதுக் கட்டடத்தைப் பாக்கணும்னு சொன்ன. சரின்னு கூட்டிட்டுப் போனா, பின்பக்கம் வாழைத் தோட்டத்துக்குள்ள நின்னு எட்டிப் பாக்கற. திருடன் கூட வாசல் பக்கமா வருவான்க்கா.

சியேனி: வெயிலா இருந்துச்சு.

அபேராமோ: சரி... வெயிலு. எப்படி இருக்கு கட்டடம்?

சியேனி: நல்லா இருக்கு.

அபேராமோ: அவ்வளவுதானா? உள்ள வரிசையா நாற்காலி போட்டிருக்கே, சாஞ்சு படுக்கற மாதிரி... பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் மெஷினு... பாத்தியா? நான் நேத்து உள்ள போயி ஒரு நாற்காலியில உக்காந்தேன். என்னமோ தெரியல, அழுகை வந்துருச்சு.

லோசி: நர்சு வந்து, 'ஐயா, உங்களுக்குக் கிட்னி நல்லாத்தான இருக்கு, எந்திரிங்க'ன்னுச்சு.

அபேராமோ: எங்கம்மா ஞாபகம்டி. ரத்தம் சுத்தம் பண்ண வாரம் மூணு தடவை கப்பல்ல ஆப்பியாவுக்கும் வீட்டுக்குமா அலைஞ்சா. கடைசி வருஷம் வீட்டுல இருந்ததை விடக் கடல்லதான் ஜாஸ்தி இருந்தா.

சியேனி: சித்தி பாவம்... போன்ல பேசறப்பல்லாம் அலைச் சத்தம் கேக்கும்.

அபேராமோ: இனிமே இந்தத் தீவுல ஒருத்தரும் அப்படி அலைய வேண்டாம். யாரோ ஒருத்தர்... பேர் இல்ல, ஊர் இல்ல... கட்டடம் கொடுத்து, மெஷின் கொடுத்து, நர்சு சம்பளமும் மருந்தும் வருஷா வருஷம் கொடுக்கறேன்னு எழுதி... நினைச்சா மயிர்க்கூச்செறியுது. யாருக்கா அது?

சியேனி: எனக்கெப்படிடா தெரியும்?

அபேராமோ: நீ பெரிய பணத்தோட புழங்கினவ. உனக்குத் தெரிஞ்சவங்களா இருக்குமோன்னு பாத்தேன்.

சியேனி: ஆக்லாந்துல பணக்காரங்க ஆயிரம் பேரு.

லோசி: அதான் ஊருக்கே தெரிஞ்ச...

அபேராமோ: லோசி! அடுப்புல ஏதோ கருகுது.

லோசி: கொக்கோ போட்டதுமே அடுப்பை அணைச்சாச்சு.

அபேராமோ: அப்ப போயி பத்த வை!

சியேனி: எதுக்கு அவளை விரட்டற? ... உன் முகமே சரியில்ல. என்ன?

அபேராமோ: சாயங்காலம் திறப்பு விழா. கோலைப் புடிச்சுகிட்டு, சாமரத்தைத் தோள்ல போட்டுகிட்டு நடுவுல நிக்கப் போறது நானு. வந்த சீரைக் கூவி, கொடுத்தவங்க பேரைச் சொல்லணும். இந்த ஊருக்குப் பேசற பட்டம் என்கிட்டதான இருக்கு. என்னத்தச் சொல்லுவேன்?

சியேனி: பேர் வேண்டாம்னு கொடுத்தவங்களே சொல்லிட்டாங்கல்ல. 'ஒருத்தர் கொடுத்தாங்க'ன்னு சொல்லு.

அபேராமோ: ஒருத்தர் கொடுத்தாங்க! நீ இந்த ஊர்ப் பொண்ணுதானா? கல்யாண வீட்டுல ஒரு டின் மீன் கொடுத்தாக்கூட, 'இன்னார் வீட்டு மீன்'னு கூவினாத்தான் அது சீரு. கூவலைன்னா திருடின மாதிரி. கூவாத சோறு தொண்டையில இறங்குமா?

சியேனி: இத்தனை வருஷம் இறங்குச்சே. புயல்ல போன பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்துச்சு... தண்ணித் தொட்டி வந்துச்சு... அப்பல்லாம் என்ன பண்ணின?

அபேராமோ: அதெல்லாம் நமக்குள்ள. ஊருக்குள்ள சமாளிச்சோம். இன்னிக்குத் தீவு பூரா வருது. பக்கத்து ஊர்ப் பேச்சாளனுங்க கோலோட வந்து உக்காருவானுங்க. 'யாரு கொடுத்த வீடு இது?'ன்னு எழுந்து கேப்பானுங்க. நான் முழிச்சா, என் பட்டமே போச்சு. அது கூடப் போகட்டும். மந்திரி ஒருத்தரு வர்றாரு. பேரு காலியாக் கிடந்தா அதுல அவரு வந்து சாஞ்சு உக்காந்துக்குவாரு. பொய் சொல்லக் கூட வேண்டாம், சும்மா சிரிச்சாப் போதும்.

சியேனி: சிரிக்கட்டுமே. மெஷின் ஓடினாப் போதாதா?

அபேராமோ: மெஷின் ஓடணுமே! அங்கதான் சிக்கல். ஆப்பியா வக்கீல் எங்க முன்னாடி வாசிச்சுக் காட்டினாரு. பேரு வெளிய வந்தா அன்னியோட வர்றது நின்னுரும்னு நிபந்தனை. அப்ப நர்சுக்குச் சம்பளம் யாரு கொடுப்பா? பேர் சொன்னா வீடு போச்சு. சொல்லலைன்னா மானம் போச்சு.

சியேனி: ... தெரியாத பேரை எப்படிடா சொல்லுவ? அப்புறம் என்ன பயம்?

அபேராமோ: அதான... தெரியாத பேரை எப்படிச் சொல்லுவேன்.

லோசி: அடுப்பு பத்த வச்சாச்சு. இன்னும் அதே இடத்துலதான் சுத்திகிட்டு இருக்கீங்களா? அண்ணி, உங்க ஆபீசு இருந்த கோபுரக் கதையை நீங்களே சொல்லுங்களேன். இவரு சொல்ற ஒவ்வொரு தடவையும் அது ரெண்டு மாடி வளருது.

அபேராமோ: நான் கண்ணால பாத்ததுடி! ஆக்லாந்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப அக்கா ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனா. லிஃப்ட்ல காது அடைச்சிருச்சு. மேல போயி ஜன்னல்ல பாத்தா, மேகம் கீழ இருக்கு.

லோசி: போன தடவை பக்கத்துல இருந்துச்சு.

அபேராமோ: சும்மா இரு. உள்ள நீளமா ஒரு மேஜை. கோட்டு போட்டவனுங்க சுத்தி உக்காந்திருக்கானுங்க. அக்கா உள்ள போனதும் எல்லாவனும் எந்திரிச்சு நிக்கறான்! யாருக்கு? இந்த வாசல்ல நண்டு புடிச்சுகிட்டு, மூக்கு ஒழுக நின்ன சியேனிக்கு! அப்பறம் குனிஞ்சு பாத்தேன்... மேஜைக்கு அடியில செருப்பைக் கழட்டி விட்டுட்டு வெறுங்கால்ல உக்காந்திருக்கா.

சியேனி: அதைப் பாத்தியா?

அபேராமோ: அதைத்தான் ஊர் பூரா சொன்னேன்.

சியேனி: அந்தத் தரை எனக்குத் தெரிஞ்ச தரைடா. பதினாறு வயசுல அத்தை கூடப் போயி அதே மாடியைக் கூட்டித் துடைச்சேன். குப்பைத் தொட்டியில கம்பெனிங்களோட வருஷ அறிக்கையெல்லாம் கிடக்கும். வழவழன்னு தாளு. எடுத்துட்டு வந்து பஸ்ஸுல படிப்பேன்.

லோசி: புரிஞ்சுதா அண்ணி?

சியேனி: ஒண்ணும் புரியல. பெரிய எழுத்துல போட்டதெல்லாம் பெருமை, சின்ன எழுத்துல போட்டதுதான் உண்மைன்னு மட்டும் புரிஞ்சுது. அது போதுமா இருந்துச்சு. ராத்திரிப் பள்ளிக்கூடம் போனேன், குமாஸ்தா ஆனேன்... அப்படியே போச்சு.

அபேராமோ: அப்படியே போச்சாம்! கேட்டியா? கூட்டின மாடிக்கே தலைவி ஆயிட்டு, 'அப்படியே போச்சு'ங்கறா.

லோசி: எனக்கு இன்னும் விளங்கல. அங்க உக்காந்து என்னதான் பண்ணினீங்க?

சியேனி: நர்சுங்க, பஸ் ஓட்டறவங்க, மீன் ஃபாக்டரியில கால் கடுக்க நிக்கறவங்க... வயசான காலத்துக்குன்னு அவங்க சம்பளத்துல கொஞ்சம் புடிச்சு வைப்பாங்க. அந்தக் காசு எங்க கைக்கு வரும். நல்ல கம்பெனியாப் பாத்துப் போட்டு வளக்கணும். கேட்டா திருப்பிக் கொடுக்கணும். அவ்வளவுதான்.

லோசி: நல்ல கம்பெனின்னு எப்படிக் கண்டுபுடிப்பீங்க?

சியேனி: மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போவேன்.

லோசி: ஐய, சாப்பிடறதுக்கா?

சியேனி: பாக்கறதுக்கு. யாரு முதல்ல தட்டு எடுக்கறாங்க, யாரு கடைசியா எடுக்கறாங்கன்னு பாப்பேன். முதலாளி முதல்ல எடுத்துட்டு, கூட்டறவங்களுக்குச் சோறு இல்லாமப் போனா, அந்தக் கம்பெனியில போட மாட்டேன். என் கூட இருந்தவனுங்க சிரிப்பானுங்க. சில வருஷம் கழிச்சு சிரிக்க மாட்டானுங்க.

அபேராமோ: பாத்தியா லோசி? நம்ம வீட்டுல கத்துகிட்டது! ஊழியம் பண்றவங்க வயிறு நிறைஞ்சாத்தான் வீடு நிறையும்னு பெரியப்பா சொல்லுவாரு.

சியேனி: ஆமா. அப்பா சொன்னதுதான்.

அபேராமோ: அந்தப் பெரிய சரிவு வந்துச்சே, உலகம் பூரா பணம் கரைஞ்சு போச்சுன்னு ரேடியோவுல அலறுனானுங்களே. அப்ப கூட இவ அசையலையாம். அங்க இருக்கற நம்ம மருமகன் சொன்னான். எல்லாவனும் கிடைச்ச விலைக்கு வித்துட்டு ஓட, இவ மட்டும் கதவைச் சாத்திட்டு உக்காந்திருந்தாளாம்.

சியேனி: புயல் வந்தா தோணியைத் தூக்கிட்டு ஓடுவியா? கரையில கவுத்துப் போட்டுட்டு மேல உக்காருவ. அதைத்தான் பண்ணினேன். மூணு மாசம் தூக்கம் இல்ல. அந்த நர்சுங்க முகந்தான் கண்ணுல நிக்கும்... தோணி போனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்ல.

அபேராமோ: ... எப்பப் பாத்தாலும் அந்தத் தோணிக்கே வந்துருவ.

சியேனி: வராம? சர்ச் கட்டின வருஷம். ஞாயித்துக்கிழமை பேர் பேரா எழுந்து வாசிச்சாங்க, யாரு எவ்வளவு கொடுத்தாங்கன்னு. தன் பேரு கடைசியா வந்துரக் கூடாதுன்னு எங்கப்பா தோணியை வித்தாரு. வாசிக்கறதுக்கு ஆன நேரம் ஒரு மூச்சு. 'லஃபாயேலே'... முடிஞ்சுது. மறுநாள்ல இருந்து இடுப்பளவு தண்ணியில நின்னு தூண்டில் போட்டாரு. தோணி இல்லாத வீட்டுல அத்தனை வாயி. படிப்பை நிறுத்தி என்னைக் கப்பல் ஏத்தினாங்க. ஒரு மூச்சுக்காக! நீ கூவற பேரெல்லாம் எனக்கு அந்தத் தோணிதான்டா. பேர் வேண்டாம்னு ஒருத்தங்க சொன்னா... அவங்களுக்கும் ஏதோ தோணி போயிருக்கும்னு வச்சுக்க. விட்டுரு.

அபேராமோ: அக்கா...

சியேனி: காரைக் கூப்பிடு.

அபேராமோ: நீ கப்பல் ஏறிப் போயிட்ட. நான் இங்கயே இருந்தேன். பெரியப்பா கூடத் தண்ணியில நின்னு தூண்டில் போட்டவன் நான். ஒண்ணு சொல்லட்டுமா?

சியேனி: சொல்லு.

அபேராமோ: அவருக்குத் தோணி போன வருத்தம் இருந்ததே இல்ல.

சியேனி: பொய் சொல்லாத.

அபேராமோ: கோல் மேல சத்தியம். மீன் கடிக்காத நாள்லயெல்லாம் அதே கதைதான். 'அபேரா, அன்னிக்கு என் பேரைச் சொன்னப்ப சத்தம் மலை வரைக்கும் போயித் திரும்புச்சுடா. ஒண்ணுமில்லாதவன் பேரும் சொன்னாங்கடா'ம்பாரு. சர்ச் சுவத்தைக் கடக்கறப்பல்லாம் கையால ஒரு தடவை தொடுவாரு. அதுல ஒரு கல்லு அவரோடதுன்னு நினைப்பு. சாகற வரைக்கும் தொட்டாரு.

சியேனி: ... அப்பா அழுதாரேடா. நான் பாத்தேனே.

அபேராமோ: அழுதாரு. ஒரே தடவை. துறைமுகத்துல உன்னை ஏத்தி விட்டப்ப. அது தோணிக்காக இல்லக்கா.

லோசி: தண்ணி குடிங்க அண்ணி.

சியேனி: இதை ஏன்டா இத்தனை வருஷம் சொல்லல?

அபேராமோ: நீ கேக்கல. அதோட... அதைச் சொல்லப் போனா இன்னொண்ணும் வாயில வந்துரும்னு பயம்.

சியேனி: என்ன இன்னொண்ணு?

லோசி: சொல்லிருங்களேன். எனக்கு நாக்கு வீங்கிப் போச்சு.

அபேராமோ: முதல்ல பள்ளிக்கூடக் கூரைக்கு வந்துச்சுல்ல, பேர் இல்லாத காசு... வக்கீல் வந்து ஊர்ச் சபையில வாசிச்சாரு. தகரம் இவ்வளவு, மரம் இவ்வளவு, ஆணி இவ்வளவு. சரி, யாரோ தூர தேசத்து வெள்ளைக்காரன்னு நினைச்சோம். அப்பறம் அடுத்த வரி வாசிச்சாரு. தச்சருங்களுக்குக் காலையில கொக்கோவும் ரொட்டியும், மத்தியானம் சேப்பங்கிழங்கு, டின் மீனு, வேலை நடுவுல டீ. வேலை முடியற அன்னிக்கு மேஸ்திரிக்கு நம்மூர்ல பின்னற சீர்ப்பாய் ஒண்ணு.

சியேனி: ... அதுல என்ன? வேலை செய்யறவங்களுக்குச் சோறு போட வேண்டாமா?

அபேராமோ: அக்கா! வெளிநாட்டுக்காரன் எவனாச்சும் மேஸ்திரிக்குச் சீர்ப்பாய் கொடுப்பானா? கூரைக்குக் கொடுப்பான், சிமெண்டுக்குக் கொடுப்பான். தச்சன் வயிறு நிறையலைன்னா வீடு நிக்காதுன்னு அவனுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா? வக்கீலுக்கே ஒண்ணும் புரியல. இது எந்த ஊரு வழக்கம்னு கேட்டாரு. சபையில ஒருத்தன் சிரிச்சான். அப்பறம் எல்லாரும் சிரிச்சோம். அப்பறம் ஒருத்தரும் சிரிக்கல. எல்லாரும் பெரியப்பா சாஞ்சு உக்கார்ற தூணைப் பாத்தோம். அவரு தலையைக் குனிஞ்சுகிட்டு இருந்தாரு.

சியேனி: அப்பாவுக்குத் தெரியுமா!

அபேராமோ: அவருக்குத்தான் முதல்ல தெரியும். 'வேண்டாம்னு சொன்னா வேண்டாம், கேக்காதீங்க'ன்னாரு. அவ்வளவுதான். அன்னியில இருந்து ஒவ்வொரு சீர் வந்தப்பவும் அந்தத் தூணைப் பாத்துதான் கூவினேன். பேரு மட்டும் சொல்லல. அவரு போனப்புறம் அந்தத் தூண்ல யாரும் சாயறதில்ல.

சியேனி: இன்னும் யாருக்குத் தெரியும்?

லோசி: யாருக்குத் தெரியாதுன்னு கேளுங்க அண்ணி. பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குத் தெரியும். மழை பெஞ்சு கூரைத் தகரம் சத்தம் போட்டா, 'சியேனி பேசறா'ம்பாங்க.

சியேனி: இந்த ஊர்லயா! எவன் வீட்டுல என்ன மீனு வெந்துச்சுன்னு விடியறதுக்குள்ள தீவு பூரா தெரியுமேடா...

லோசி: அதான் எனக்கே ஆச்சரியம். இவரு தூக்கத்துல உளறுவாரு, அப்பக் கூட உங்க பேரைச் சொன்னதில்ல.

சியேனி: நீங்க எல்லாரும்... இத்தனை வருஷமா... நான் போன் பண்றப்பல்லாம் 'யாரோ கொடுத்திருக்காங்கக்கா'ன்னு எங்கிட்டயே கதை சொல்லிகிட்டு...

அபேராமோ: நல்லா நடிச்சேனா?

சியேனி: ஏன்டா? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

அபேராமோ: சீர் வந்தா பதில் சீர் வைக்கணும்ல. அது இல்லாம நாங்க எப்படி மனுஷங்க? நீ கூரை கொடுத்த, தண்ணி கொடுத்த. உனக்கு நாங்க என்னத்தக் கொடுக்கறது, பன்னியா, பாயா? உன்கிட்ட இல்லாதது எங்ககிட்ட என்ன இருக்கு? நீ எங்ககிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்... பேரைச் சொல்லாதீங்கன்னு. பேசியே பொழைக்கற ஊரு இது, அக்கா. பேசாம இருந்தோம். அதுதான் எங்க சீரு.

லோசி: அழாதீங்க அண்ணி. அழுதீங்கன்னா நானும் அழுவேன், அடுப்புல நிஜமாவே கருகிரும்.

அபேராமோ: சங்கு ஊதிட்டாங்க. கூட்டம் சேந்துருச்சு... அக்கா, காரு அந்தப் பலா மரத்துக்குப் பின்னாடிதான் நிக்குது. காலையில இருந்தே நிக்குது. ஏறினா கப்பலைப் பிடிச்சிரலாம். நான் இன்னிக்கும் அந்தத் தூணைப் பாத்து, பேர் சொல்லாமக் கூவறேன். மந்திரி சிரிச்சாச் சிரிக்கட்டும். நீ சொன்னபடிதான். போறியா?

சியேனி: தொகையைச் சொல்லுவியா?

அபேராமோ: எதுக்குக் கேக்கற?

சியேனி: தொகையைச் சொன்ன, அந்தக் கோலைப் புடுங்கி அடுப்புல வச்சிருவேன். இனிமே எந்த வீட்டுத் தொகையும் வாசிக்கக் கூடாது. பேரை மட்டும் சொல்லணும். ஒரு டின் மீன் கொடுத்தவங்க பேரும் அதே சத்தத்துல சொல்லணும். சபையில சொல்லு. வக்கீல்கிட்ட சொல்லி அந்த நிபந்தனையை நானே எடுத்துர்றேன்.

அபேராமோ: சொல்றேன். சத்தியமாச் சொல்றேன். இன்னிக்கு... என்ன பேரு சொல்லட்டும்?

சியேனி: 'லஃபாயேலே மக கொடுத்த வீடு'ன்னு சொல்லுடா. சத்தமா. மலை வரைக்கும் போயித் திரும்பணும்... நான் கேக்கணும்.